வெளிச்சுவர், ஓடு, கல், இண்டர்லாக்: எதை எப்படிக் கழுவுவது?

தக்கலைக்காரன்:
வணக்கம். தக்கலை பக்கம் கீழும் மேலுமாக ஒரு வீடு. வெளிச்சுவருக்குப் பட்டி போட்டு எக்ஸ்டீரியர் எமல்ஷன் அடித்து நாலு வருஷம் ஆகிறது. வடக்குச் சுவரில் சன்ஷேடுக்குக் கீழே கறுப்பு வரிவரியாக இறங்கியிருக்கிறது. மற்ற மூன்று பக்கமும் வெறும் தூசிதான். போர்டிகோ மேலே மங்களூர் ஓடு. பக்கத்துத் தோட்டத்து ரப்பர் மர நிழலில் மெத்தை மாதிரி பாசி பிடித்திருக்கிறது. முகப்புத் தூண்களில் மணற்கல் துண்டுகள் பதித்தது, படிகள் கிரானைட், முற்றம் 800 சதுர அடி இண்டர்லாக் (சிமென்ட் கற்களைக் கோத்து அடுக்கிய தளம்). ஜன்னல் கம்பிக்குக் கீழே துருக்கறை. காம்பவுண்டு சுவரின் அடிப்பக்கம் வெள்ளையாகப் பூத்து உதிர்கிறது.

இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவர் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் பெட்ரோல் மெஷின் கொண்டுவந்து 200 பார் அழுத்தத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் அடித்துத் தருகிறேன் என்கிறார். மற்றவர் ஆசிட் ஊற்றித் தேய்த்தால் போதும் என்கிறார். தை பிறந்ததும் வேலை தொடங்க எண்ணம். இந்த இரண்டில் எது சரி? கழுவினால் போதுமா, பெயிண்டும் அடிக்க வேண்டுமா?

சாரம்66:
உங்கள் வீட்டுக்கு இரண்டுமே சரிவராது சார். நீங்கள் எழுதியதிலேயே ஐந்து விதமான அழுக்கு இருக்கிறது. சுவரை மட்டும் நான் சொல்கிறேன், ஓடும் கல்லும் மற்றவர்கள் சொல்லட்டும்.

கறுப்பு வரியில் பஞ்சால் ஒரு சொட்டு ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட், வெளுக்கும் திரவம்) வையுங்கள். இரண்டு மூன்று நிமிஷத்தில் வெளுத்தால் அது பாசி, பூஞ்சை. வெளுக்காவிட்டால் புகை, தூசி, பழைய தார். அதற்குச் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும்தான். அடுத்து உலர்ந்த சுவரில் உள்ளங்கையை அழுத்தித் தேயுங்கள். கையில் மாவு ஒட்டினால் பெயிண்டின் பிசின் வெயிலில் செத்துவிட்டது. அந்தச் சுவரை எவ்வளவு கழுவினாலும் பளபளப்பு வராது. கழுவி, பிரைமர் அடித்து, மறுபடி பெயிண்ட்தான். மாவு ஒட்டாவிட்டால் கழுவினாலே இன்னும் ஓரிரு வருஷம் ஓடும். மூன்றாவது, நாணயத்தால் ஆங்காங்கே தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் கேட்கும் இடத்தில் பட்டி சுவரை விட்டுக் கிளம்பியிருக்கிறது. 200 பாரில் அடித்தால் அங்கே பட்டி பெயிண்டோடு சேர்ந்து பாளம் பாளமாக விழும். அதைவிட மோசம், மயிரிழை விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறி அடுத்த வாரம் படுக்கையறைச் சுவரில் ஈரமாகத் தெரியும். அப்போது கூரை ஒழுகுகிறது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பாசியைக் கொல்வது மருந்து. தண்ணீர் செத்ததைக் கழுவிவிட மட்டும்தான். வெறும் தண்ணீர் அழுத்தத்தில் மேல்பாசி போய் சுவர் பளிச்சென்று தெரியும், ஆனால் பெயிண்டின் நுண்துளைக்குள் இருப்பது அப்படியே இருக்கும். அடுத்த மழைக்கு அதே இடத்தில் வரும்.

கலவை: கேனில் வரும் 10 சதவீத ஹைப்போ என்றால் 1 லிட்டருக்கு 9 லிட்டர் தண்ணீர். கடையில் பாட்டிலில் கிடைக்கும் 4 சதவீதம் என்றால் 1 பங்குக்கு 3 பங்கு. இரண்டிலும் ஒரு சதவீதம் வரும், சுவருக்கு அது போதும். கேன் புதிதாக இருக்க வேண்டும். நம் வெயிலில் ஹைப்போ கிடக்கக் கிடக்க வலு குறைந்துவிடும். பழையதை வாங்கிவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டுவார்கள். ப்ளீச்சிங் பவுடர்தான் கிடைக்கிறது என்றால் 5 லிட்டருக்கு 170 கிராம் கரைத்து, தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் துணியில் வடிகட்டி எடுங்கள். அடிமண்டி சுண்ணாம்பு; அது ஸ்பிரேயர் நாசிலை அடைக்கும், சுவரில் வெள்ளைத் திட்டாக நிற்கும்.

தோட்டத்துக்கு மருந்தடிக்கும் கை ஸ்பிரேயர் போதும், ஆனால் அதை மறுபடி செடிக்கு எடுக்காதீர்கள். முதலில் சுவரைத் தண்ணீரால் நனையுங்கள். மருந்தைக் கீழிருந்து மேலாக அடிக்க வேண்டும். மேலிருந்து அடித்தால் உலர்ந்த இடத்தில் வழிந்த கோடுகள் வெளுத்து நிற்கும், பிறகு போகாது. 10 முதல் 15 நிமிஷம் ஈரமாகவே இருக்கட்டும், காய்ந்தால் இன்னொரு கை. காலை 10 மணிக்குள் முடித்துவிடுங்கள். பிறகு நைலான் பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்து மேலிருந்து கீழாகக் கழுவலாம். கழுவுவதற்கு மெஷின் வேண்டுமென்றால் 60 பாருக்குள், 40 டிகிரி விசிறி நாசில், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி. ஊசி மாதிரி வரும் நாசிலும் சுழலும் நாசிலும் பெயிண்ட் சுவர் பக்கமே வரக்கூடாது. 10 லிட்டர் கலவை ஏறக்குறைய 500 சதுர அடிக்கு வரும்.

வரிவரியாக இறங்குவதற்குக் காரணம் சன்ஷேடு. அடிப்பக்க ஓரத்தில் தண்ணீர் சொட்டி விழ ஒரு காடி (நீளப் பள்ளம்) இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் மழைநீர் சன்ஷேடின் அடியைப் பிடித்துக்கொண்டே சுவருக்கு வரும். அதைச் சரிசெய்யாமல் எத்தனை முறை கழுவினாலும் கறுப்பு வந்துகொண்டேதான் இருக்கும்.

ஓட்டுக்கூரை:
ஓட்டுக்கு மெஷினே வேண்டாம் அண்ணாச்சி. பழைய ஓட்டின் சுட்ட தோல் போய்விட்டால் உள்மண் தண்ணீரைக் குடிக்கும், அடுத்த வருஷம் இரட்டிப்புப் பாசி. கீழிருந்து மேலாகத் தண்ணீர் அடித்தால் ஓட்டு மடிப்புக்குள் புகுந்துவிடும். ரீப்பர் (மரச்சட்டம்) மேல் அடுக்கிய ஓடு என்றால் மரம் ஊறும். சரிவான கான்கிரீட்டில் சிமென்ட் வைத்து ஒட்டிய ஓடு என்றால் இன்னும் தொல்லை. உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை, சீலிங்கில்தான் தெரியும்.

பாசி காய்ந்திருக்கும்போது மரச்சட்டத்தாலோ பிளாஸ்டிக் சுரண்டியாலோ மேலிருந்து கீழாகத் தள்ளுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். மெத்தை அளவுக்கு இருப்பது சாக்குக் கணக்கில் வரும். கூரை ஓரத்து மழைநீர் வாய்க்காலில் விழாமல் கீழே தார்பாய் விரித்துக்கொள்ளுங்கள். மிச்சத்துக்குப் பிகேசி (பென்சால்கோனியம் குளோரைடு என்ற கிருமிநாசினி) அடிக்கலாம். இறால் பண்ணை மருந்துக் கடைகளில் 50 சதவீதமாகக் கிடைக்கும், 1 லிட்டருக்கு 30 லிட்டர் தண்ணீர். மழை இல்லாத இரண்டு நாள் பார்த்து அடித்துவிட்டு, கழுவாமல் விட்டுவிட வேண்டும். பாசி உடனே போகாது. பழுப்பாகி, சில வாரத்தில் காற்றிலும் மழையிலும் தானாக உதிரும். அவசரப்பட்டுத் தேய்த்தால் ஓடுதான் தேயும். இதோடு சோப்பைச் சேர்த்தால் மருந்து செத்துவிடும், ஹைப்போவோடும் கலக்கக்கூடாது. மீனுக்கு இது கடும் விஷம், கூரைத் தண்ணீர் குளத்துக்கோ ஓடைக்கோ போனால் இந்த மருந்தை விட்டுவிடுங்கள்.

மோட்டு ஓட்டுக்குக் (கூரை உச்சி ஓடு) கீழே நீளவாக்கில் வெறும் செம்புக் கம்பி ஒன்று கட்டி வைத்தால், மழையில் கரையும் துளிச் செம்பு பாசியை மட்டுப்படுத்தும். வாய்க்கால் ஜிஐ (துத்தநாகம் பூசிய) தகரமாக இருந்தால் செய்யாதீர்கள், செம்புத் தண்ணீர் பட்டு தகரம் ஓட்டையாகும்.

நனைந்த ஓட்டில் ஏறவே வேண்டாம். ஏறித்தான் ஆக வேண்டுமென்றால் இரண்டு ஓடு மடியும் இடத்தில், பலகை போட்டு.

கல்வேலை_நாகர்கோவில்:
ஆசிட்காரரைக் கல் பக்கம் விடாதீர்கள். கிரானைட்டில் ஆசிட் பட்டால் கல்லுக்குள் இருக்கும் இரும்பு கிளம்பி மஞ்சள் திட்டாக நிற்கும். கடப்பா, மார்பிள், மொசைக் எல்லாம் சுண்ணாம்புச் சத்து, நுரைத்துக் கரையும். சிமென்டும் அப்படித்தான், மணற்கல் துண்டுகளுக்கு இடையில் இருக்கும் பூச்சு அரித்து, ஒருநாள் துண்டே கழன்று விழும். அந்தத் தூண்களுக்கு நடுநிலைச் சோப்பு, மென்மையான பிரஷ், நிறையத் தண்ணீர். பாசி இருந்தால் சாரம்66 சொன்ன கலவையில் பாதி வலு. நன்றாக நாலைந்து நாள் காய்ந்தபின் கல்லுக்கு உள்ளிறங்கும் சீலர் (ஈரம் ஏறாமல் தடுக்கும் திரவம்) ஒரு கை; மேலே பளபளவென்று படியும் வார்னிஷ் ரகம் வேண்டாம், ஈரம் உள்ளே மாட்டி உரிந்து வரும்.

துருக்கறைக்கு ஹைப்போ அடித்தால் இன்னும் அழுத்தமாகும். ஆக்சாலிக் ஆசிட் பொடி, 1 லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம், துணியை நனைத்து 15 நிமிஷம் ஒட்டி வைத்துக் கழுவுங்கள். பெயிண்ட் மேல் என்றால் மூலையில் சோதித்துவிட்டு. விஷப்பொடி அது, கையுறை கட்டாயம். கம்பியைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடிக்காவிட்டால் கறை திரும்பி வரும்.

காம்பவுண்டு சுவரில் பூத்திருப்பது உப்பு. அதைத் தண்ணீரால் கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள் போய் காய்ந்ததும் பூக்கும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, முறத்தில் வாரி எடுத்துவிடுங்கள். மண்ணிலிருந்து ஈரம் ஏறும் வழியை அடைக்காமல் பெயிண்ட் அடிப்பது வீண்செலவு.

மெஷினுக்கு உரிய இடம் உங்கள் இண்டர்லாக்தான். 100 பார் வரை, 25 டிகிரி நாசில், ஓரடி உயரத்தில் சாய்த்துப் பிடித்து ஒரே திசையில் போகச் சொல்லுங்கள். இடுக்கு மணல் கொஞ்சம் வெளியே வரத்தான் செய்யும். காய்ந்ததும் சலித்த உலர்ந்த மணலை வாரியலால் கூட்டி நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் கல் ஆடத் தொடங்கும்.

தக்கலைக்காரன்:
மிக்க நன்றி. கையில் மாவு ஒட்டுகிறது, வடக்கிலும் மேற்கிலும். ஹைப்போ சொட்டு வெளுக்கிறது. மொட்டைமாடித் தண்ணீர் மழைநீர்க் குழாய் வழியே கிணற்றுக்குப் போகிறது, அது பரவாயில்லையா?

சாரம்66:
நல்ல வேளை கேட்டீர்கள். 2003-லிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேமிப்பு கட்டாயம் என்பதால் பெரும்பாலான வீட்டில் குழாய் இப்படித்தான் கிணற்றுக்கோ குழிக்கோ போகும். வேலை நாட்களில் குழாயைக் கழற்றி வெளியே திருப்பிவிடுங்கள். முடிந்தபின் இரண்டு முறை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். சுவரோரச் செடிகளை முன்னும் பின்னும் நனைத்து பாலித்தீன் போடுங்கள். அலுமினிய ஜன்னல், ஈபி மீட்டர், ஏசி வெளி யூனிட் மூன்றையும் மூடி, அந்தப் பக்க மெயினை அணைத்துவிடுங்கள். ஹைப்போவும் ஆசிட்டும் ஒரே வாளியில், ஒரே சுவரில் ஒன்றன்பின் ஒன்றாகக்கூட வேண்டாம்; குளோரின் வாயு வரும். மெஷின் துப்பாக்கியோடு ஏணியில் நிற்கவிடாதீர்கள், உதைப்பு ஆளைத் தள்ளும். மேல்மாடிக்குச் சாரம் கட்டச் சொல்லுங்கள்.

மாவு ஒட்டுவதால் அந்த இரண்டு சுவருக்கும் பெயிண்ட் உண்டு. கழுவி மூன்று நாள் வெயிலில் காய்ந்ததும் மறுபடி கையைத் தேய்த்துப் பாருங்கள். இன்னும் ஒட்டினால் சாலிட் (கெட்டிப்பொருள்) குறைந்த, உள்ளிறங்கும் பிரைமர் கேளுங்கள். யாரை வேலைக்கு வைத்தாலும் முதல் நாள் பின்பக்கம் மூன்றடிக்கு மூன்றடி இடத்தில் செய்து காட்டச் சொல்லி, மறுநாள் காய்ந்தபின் பார்த்துவிட்டு மற்றதைத் தொடங்கச் சொல்லுங்கள்.