வோல்டி பழகும் பிள்ளைகளுக்கு எந்த இனக் குதிரை நல்லது?

ஹம் வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஜேர்மனியில், ஹம் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மகளுக்கு எட்டு வயது. இங்கே ஒரு சின்ன கிளப்பில் வோல்டி பழகுகிறாள். வட்டமாக ஓடும் குதிரையின் முதுகில் ஏறி நின்றும் முழங்காலிட்டும் செய்கிற ஜிம்னாஸ்டிக்தான் அது. சேணம் கிடையாது. முதுகில் ஒரு தடித்த மெத்தை, கைப்பிடிகள் வைத்த குர்ட் (குதிரையின் உடம்பைச் சுற்றிக் கட்டும் பட்டை), அவ்வளவுதான். நடுவில் ஒருவர் நீண்ட லோஞ்ச் கயிற்றைப் பிடித்துக் குதிரையைச் சுற்ற வைப்பார்.

கிளப்பின் குதிரைக்கு வயதாகிவிட்டது. இந்தக் கோடையோடு ஓய்வு கொடுக்கிறார்கள். புதுக் குதிரை பார்க்கப் போகும் பெற்றோரில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். இப்போது நான்கு குதிரைகள் பேச்சில் இருக்கின்றன. ஒன்று பன்னிரண்டு வயது ஹாஃப்லிங்கர், 146 சென்டிமீற்றர் உயரம், மிகவும் சாது என்கிறார்கள். இன்னொன்று ரேஸ் ஓடி முடித்த ஆறு வயது தரோபிரெட், உரிமையாளர் கிட்டத்தட்ட இலவசமாகவே தருகிறார். மூன்றாவது ஒன்பது வயது ஹனோவர், 172 சென்டிமீற்றர், விலை மற்றவற்றைவிடப் பல மடங்கு. கடைசியாக, பெர்ஷெரோன் என்ற கனரக இழுவைக் குதிரையும் வார்ம்பிளட் என்ற சவாரி வகைக் குதிரையும் கலந்த எட்டு வயதுக் குதிரை.

கிளப்பில் ஆறு வயதிலிருந்து பதினைந்து வயது வரை பிள்ளைகள் இருக்கிறார்கள். சின்னவர்கள் குதிரை நடக்கும்போது மட்டும் செய்கிறார்கள். பெரியவர்கள் கலோப்பில், அதாவது குதிரை தாவி ஓடும்போது, செய்து போட்டிக்கும் போகிறார்கள். எந்த இனம் நல்லது என்று கூட்டத்தில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.

இன்ஸ்ப்ரூக் அண்ணா எழுதியது:

யோசிக்காமல் ஹாஃப்லிங்கரை எடுங்கள். எங்கள் பக்கத்து மலைக் குதிரை, தென் டிரோலில் பிறந்த இனம். 1874-ல் பிறந்த ஃபோலி என்ற ஆண் குதிரையின் வழிதான் எல்லாம். சாப்பாட்டுச் செலவு குறைவு, கால் உறுதி, பிள்ளைகள் காலடியில் ஓடினாலும் அசையாது. என் இரண்டு பிள்ளைகளும் அதில்தான் ஏறிப் பழகினார்கள். பெரிய குதிரையில் இருந்து விழுந்தால் யார் பதில் சொல்வது?

லோஞ்ச் அக்கா எழுதியது:

தம்பி, நான் சுவிஸில் ஒரு கிளப்பில் பல வருடமாக லோஞ்ச் பிடிக்கிறவள். வட்டத்தின் நடுவில் நிற்கிறவளின் கண்ணால் சொல்கிறேன். இனத்தை வைத்து நான்கை இரண்டாகக் குறைக்கலாம். அதற்கு மேல் இனம் உதவாது. முதுகு, கலோப், மனம், இந்த மூன்றையும் போய்ப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முதலில் தரோபிரெட். இலவசம் என்பதற்காக மயங்கிவிடாதீர்கள். ரேஸ் குதிரை முன்னோக்கி நீட்டி ஓடப் பழகியது. 15 மீற்றர் வட்டத்துக்குள் மெதுவாக, ஒரே தாளத்தில், நிமிடக்கணக்கில் கலோப் ஓடு என்றால் அதன் உடம்பும் மனமும் அதற்கு எதிராக நிற்கும். முதுகு ஒடுக்கம். ஒரு பிள்ளை நின்றால் பாதம் வைக்க இடம் போதாது. பின்னால் திடீரென்று ஒரு எடை வந்து குந்தினால் பாய்ந்துவிடுகிற குதிரைகள் இந்த இனத்தில் அதிகம். ரேஸ் ஓடிய முன்னங்கால் தசைநார்களையும் யோசியுங்கள். வோல்டியில் குதிரை பெரும்பாலும் இடப்பக்கமாகவே சுற்றும், போட்டியிலும் வழக்கமாக இடக்கை வட்டம்தான். உள்பக்கக் கால்களில் பாரம் ஏறிக்கொண்டே இருக்கும். பழைய காயம் உள்ள காலுக்கு இது ஆகாது. விதிவிலக்கு உண்டு, ஆனால் விதிவிலக்கைத் தேடிப் போகச் சின்ன கிளப்புக்கு நேரம் ஏது?

ஹாஃப்லிங்கர் பற்றி அண்ணா சொன்னது பாதி சரி. நடையில் செய்கிற சின்னவர்களுக்கு அதைவிட நல்ல குதிரையை நான் காட்டமாட்டேன். உயரம் குறைவு என்பதால் உதவிக்கு நிற்பவர் பிள்ளையின் இடுப்பைப் பிடிக்க முடியும். ஆனால் உங்களிடம் பெரியவர்களும் இருக்கிறார்கள். குழுவாகச் செய்யும்போது முதுகில் ஒரே நேரத்தில் மூன்று பேர் வரை இருப்பார்கள். பதினைந்து வயதுப் பிள்ளை ஒருத்தி இன்னொருத்தியைத் தூக்கிப் பிடிக்க, மூன்றாமவள் கழுத்துப் பக்கம் இருப்பாள். கட்டையான முதுகு உள்ள 146 சென்டிமீற்றர் குதிரையில் அதற்கு இடமும் இல்லை, அவ்வளவு எடையை அதன் மேல் ஏற்றுவதும் நியாயம் இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதை விற்கிறவர்கள் சொல்லமாட்டார்கள். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஒரு மேடு இருக்குமல்லவா? குர்ட் நழுவாமல் பிடிப்பது அந்த மேடுதான். ஹாஃப்லிங்கரிலும் கனரகக் குதிரைகளிலும் பலவற்றுக்கு அந்த மேடு தெரியவே தெரியாது, உருண்டையாக இருக்கும். பிள்ளை உள்பக்கமாக ஓடிவந்து இரண்டு கைப்பிடியையும் பிடித்துத் தாவும்போது முழு எடையும் ஒரே பக்கம் இழுக்கும். குடத்தில் கட்டிய கயிறு போலக் குர்ட் பக்கவாட்டில் சுழன்று போகும். ஒரு தரம் சுழன்றால் பிள்ளைக்குப் பயம் வந்துவிடும், குதிரைக்கும் அந்த இழுப்பு வலிக்கும். இன்னும் இறுக்கிக் கட்டினால் சரி என்று நினைக்காதீர்கள். இறுக்க இறுக்கக் குதிரை மூச்சுவிடச் சிரமப்பட்டு, காதைப் பின்னால் மடித்துக்கொண்டு ஓடும்.

பெர்ஷெரோன் கலப்பு நல்ல யோசனை. அகலமான முதுகு, அமைதியான இரத்தம். பிரித்தானியாவில் ஷையர், கிளைட்ஸ்டேல் கலப்புகளையும் வைத்திருக்கிறார்கள். ஆனால் கலோப்பைப் பார்க்காமல் வாங்கக்கூடாது. நல்ல கலோப்பில் மூன்று குளம்படி, பிறகு ஒரு நொடிப்பொழுது நான்கு கால்களும் தரையைவிட்டு எழும். பிள்ளைகள் தாவுவதும் காலை வீசுவதும் அந்த எழும்பலைப் பிடித்துத்தான். கனமான குதிரை களைத்தால் அந்த எழும்பல் செத்துவிடும். அடி நான்காக உடையும், அடுத்த சுற்றில் ட்ராப்புக்கு, கலோப்பைவிட மெதுவான ஓட்டத்துக்கு, விழும். மேலே நிற்கிற பிள்ளை அந்த இடத்தில்தான் விழுவாள். ஆறு பேர் கொண்ட குழு கட்டாயப் பயிற்சிகளை முடிக்க ஆறு நிமிடம் வரை ஆகும், குழு தானே அமைத்துச் செய்யும் சுதந்திரப் பகுதி நான்கு நிமிடம். அதுவரை தாளம் மாறாமல் ஓட மூச்சு வேண்டும்.

ஹனோவர் மாதிரியான வார்ம்பிளட் இனங்கள்தான் பெரிய போட்டிகளில் அதிகம் வருகின்றன. ஹனோவர், வெஸ்ட்ஃபாலன், ஓல்டன்பர்க் எல்லாமே உங்கள் பக்கத்து மண்ணில் வளர்ந்தவை. 2014-ல் நார்மண்டியில் ஜேர்மன் குழு தங்கம் வாங்கியபோது சுமந்தது டேலியா என்ற ஹனோவர் பெண் குதிரை. (பெண் குதிரை வோல்டிக்கு ஆகாது என்று யாராவது கூட்டத்தில் சொன்னால் டேலியாவைச் சொல்லுங்கள்.) நீண்ட முதுகு, தெரிகிற மேடு, துள்ளல் உள்ள கலோப், எல்லாம் சேர்ந்து வரும். ஆனால் தடை தாண்டலுக்கும் டிரெஸாஜுக்கும் (நுணுக்கமான அசைவுகளைக் காட்டும் சவாரிப் போட்டி) என்று வளர்த்த குதிரைகளில் சில, மனிதனுடைய சின்ன அசைவுக்கும் பதில் சொல்லும். சவாரிக்கு அது நல்ல குணம். வோல்டிக்கு வேறு குணம் வேண்டும்: மேலே என்ன நடந்தாலும் கயிற்றின் மறுமுனையை மட்டும் கேட்கிற குதிரை.

என்னைக் கேட்டால் ஹனோவரையும் பெர்ஷெரோன் கலப்பையும் மட்டும் போய்ப் பாருங்கள்.

பேர்ன் தம்பி எழுதியது:

அக்கா, குறுக்கே ஒரு கேள்வி. சர்க்கஸில் பெர்ஷெரோன் மேல்தானே நின்று ஆடுகிறார்கள்? அங்கே முடிகிறது என்றால் இங்கே ஏன் இவ்வளவு யோசனை?

லோஞ்ச் அக்கா எழுதியது:

நல்ல கேள்வி. சர்க்கஸில் பெர்ஷெரோன் பேர்போனது, உண்மை. பாதம் வழுக்காமல் இருக்க அதன் முதுகில் பிசின் பொடியும் தூவுவார்கள். ஆனால் அந்த வட்டம் இன்னும் சின்னது, 42 அடி, ஏறக்குறைய 13 மீற்றர். 18-ஆம் நூற்றாண்டில் லண்டனில் பிலிப் ஆஸ்ட்லி அமைத்த அளவு அது. அங்கே குதிரை மெதுவாக, தட்டையாக, ஆடாமல் ஓடினால் போதும். ஆடுகிறவர் வளர்ந்த கலைஞர், அதே குதிரையோடு தினமும் இருப்பவர். எங்கள் விளையாட்டில் நடுவர் குதிரைக்கும் தனியாகப் புள்ளி போடுவார், அது மொத்தத்தில் நாலில் ஒரு பங்கு. குதிரை எப்படி ஓடுகிறது, கயிற்றை எப்படி ஏற்கிறது, வாய் இறுகியிருக்கிறதா என்றெல்லாம் பார்க்கிறார்கள். இந்த விதியை நான் மனதார மதிக்கிறேன். குதிரையை வெறும் மேடையாக நினைக்கிற கிளப் அந்தப் புள்ளியில் தோற்றுப் போகும்.

ஹம் வாசி எழுதியது:

அக்கா, மிகவும் நன்றி. இவ்வளவு விளக்கமாக யாரும் சொல்லவில்லை. தரோபிரெட்டை விட்டுவிடலாம் என்று பயிற்சியாளரும் ஒத்துக்கொண்டார். சனிக்கிழமை ஹனோவரையும் பெர்ஷெரோன் கலப்பையும் பார்க்கப் போகிறோம். அங்கே போய் நான் எதைப் பார்க்க வேண்டும்? குதிரை ஓட்டத் தெரியாத ஒருவனுக்குப் புரிகிற மாதிரிச் சொல்லுங்கள்.

இன்ஸ்ப்ரூக் அண்ணா எழுதியது:

சின்னவர்களுக்கு என்று ஒரு ஹாஃப்லிங்கரும் பக்கத்தில் இருந்தால் நல்லது என்றுதான் இப்போதும் சொல்வேன். குர்ட் சுழலும் விஷயம் எனக்குப் புதிது. எங்கள் பிள்ளைகள் தாவி ஏறுவதில்லை, தூக்கித்தான் வைப்போம்.

லோஞ்ச் அக்கா எழுதியது:

அண்ணா, பணம் இருந்தால் இரண்டும் வைத்திருப்பதுதான் எனக்கும் விருப்பம்.

தம்பி, உங்கள் கிளப்பின் குர்ட்டையும் மெத்தையையும் காரில் எடுத்துக்கொண்டு போங்கள். அவர்களுடைய சேணத்தோடு ஓட்டிக் காட்டினால் அது வேறு குதிரை. முதலில் லோஞ்சில் ஆள் இல்லாமல் இடக்கை வட்டத்தில் கலோப். நீங்கள் வாய்க்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று அடி எண்ணிப் பாருங்கள். சில சுற்றுகளுக்குப் பிறகும் அதே வேகத்தில் எண்ண முடிகிறதா, அல்லது எண்ணிக்கை இழுபடுகிறதா? இது உங்களுக்கும் தெரியும், குதிரை ஓட்டத் தெரிய வேண்டியதில்லை.

பிறகு குதிரையை நிறுத்திப் பயிற்சியாளர் ஒரு பெரிய பிள்ளையை ஏற்றட்டும். பிள்ளை முதுகின் பின்பக்கம், குர்ட்டில் இருந்து தள்ளிக் குந்தட்டும், மெதுவாகத்தான். நீங்கள் பிள்ளையைப் பார்க்காதீர்கள், குதிரையின் காதையும் வாலையும் பாருங்கள். காது ஒரு நொடி பின்னால் திரும்பி மறுபடி முன்னால் வந்தால் நல்லது, என்ன வந்தது என்று கேட்டுவிட்டு விட்டுவிட்டது. காது ஒட்டிப்போய் வால் சுழன்றால், முதுகு கீழே அமுங்கினால், அன்றைக்கு அதற்கு மேல் ஒன்றும் செய்ய வேண்டாம். அது குணமாகவும் இருக்கலாம், முதுகு வலியாகவும் இருக்கலாம்.

கலோப்பில் தாவி ஏறும் சோதனையை முதல் நாளே கேட்காதீர்கள். வோல்டி பழகாத குதிரைக்கு அது அநியாயம். மாதக்கணக்கில் பழக்க வேண்டிய வேலை அது.

பிடித்துவிட்டால் கையெழுத்து வைப்பதற்கு முன் உங்கள் பக்கத்து வைத்தியர் பரிசோதிக்கட்டும், விற்கிறவரின் வைத்தியர் வேண்டாம். முன்னங்கால்களோடு முதுகையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். முதுகெலும்பின் மேல் முள்கள் ஒன்றோடொன்று உரசுகிற குதிரை பார்க்க ஆரோக்கியமாகத்தான் இருக்கும், ஆனால் பிள்ளைகள் குதித்து இறங்குகிற இடமே அதுதான். எக்ஸ்ரே செலவுக்குக் கூட்டத்தில் முணுமுணுப்பார்கள். விடாதீர்கள்.

சனிக்கிழமை பக்கவாட்டில் நின்று ஒரு வீடியோ எடுத்து இங்கே போடுங்கள், முழுக் குதிரையும் கால்களும் தெரிகிற மாதிரி. இடக்கை வட்டம் இரண்டு நிமிடம், வலக்கை வட்டம் ஒரு நிமிடம் போதும். ஞாயிறு காலையில் பார்த்துச் சொல்கிறேன்.