ஏற்றப் பாதையில் பாசியும் சேறும்: பிரஷர் வாஷரா, தும்புத்தடியா?

கொட்டகலை ஆசிரியை:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு வீதியிலிருந்து நன்றாக மேலே இருக்கிறது. அப்பாவின் ஆட்டோ ஏறுவதற்காகப் போட்ட கொங்கிரீட் பாதை 60 அடி நீளம், 8 அடி அகலம். செங்குத்தான ஏற்றம். ஜூன் மழை பிடித்துவிட்டால் பாதை முழுவதும் பச்சைப் பாசி படர்ந்துவிடுகிறது. போன வாரம் அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகக் காலையில் இறங்கியபோது வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. போதாததற்கு, வலது பக்கத்து மண்திட்டு ஒவ்வொரு பெருமழைக்கும் கொஞ்சம் கரைந்து பாதையில் சேறாக நிற்கிறது.

ஹட்டன் கடையொன்றில் 130 பார் அழுத்தத்தில் தண்ணீரைப் பீச்சிக் கழுவும் பிரஷர் வாஷரைக் காட்டினார்கள். சித்தப்பா அது வீண் செலவு, ஒரு தும்புத்தடி போதும் என்கிறார். டொரொண்டோவில் இருக்கும் தங்கை, தங்கள் வாசலில் பனி அள்ள இயந்திரம் வைத்திருப்பதாகவும் நாங்களும் இயந்திரமே வாங்க வேண்டும் என்றும் சொல்கிறாள். என் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி போகும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கினிகத்தேனை வாசி:
யோசிக்காமல் வாங்குங்கள் தங்கச்சி. எங்கள் ஊர் மழை உங்களுக்குத் தெரியும். எங்கள் முற்றத்தில் நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். பென்சில் போலக் குத்தும் முனையைப் போடாதீர்கள், விசிறிபோல் விரியும் முனையைப் போடுங்கள். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் பிடித்து, மேலிருந்து கீழாக வந்தால் பாசி தோல்போல் உரிந்து வரும். உங்கள் பாதைக்கு மூன்று மணி நேரம் போதும்.

வட்டவளைக்காரர்:
மகள், அம்மாவுக்குச் சீக்கிரம் குணமாகட்டும். ஆனால் இயந்திரம் வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் தண்ணீர் வடியும் கான் வெட்டும் வேலையைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பாசிக்கு மரத்துக்கு இருப்பதுபோல் வேர் கிடையாது. மயிர்போன்ற இழைகளால் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டு, அங்கே நிற்கும் ஈரத்தில்தான் வாழ்கிறது. பாதையில் ஈரம் நிற்காமல் செய்தால் பாதிப் பாசி தானாகக் காய்ந்துவிடும். மேல்பக்கத்தில் குறுக்காக ஒரு கான் வெட்டி, மண்திட்டிலிருந்து வரும் தண்ணீரைப் பாதைக்கு வராமல் ஓரத்துக்குத் திருப்புங்கள். மேலே மரக்கிளை கவிந்திருந்தால் வெட்டி வெயில் விழ விடுங்கள். பிறகு தும்புத்தடியால் மாதம் ஒரு முறை தேய்த்தால் போதும்.

பிரஷர் வாஷர் இன்னொரு தீமையும் செய்யும். மலிவாகப் போட்ட கொங்கிரீட்டில் மேலே இருக்கும் சீமெந்துப் பூச்சை அரித்து மணலை வெளியே கொண்டுவந்துவிடும். அந்தச் சொரசொரப்பில் அடுத்த மழைக்கு ஈரம் கூடுதலாகத் தங்கும், பாசி முன்னைவிட நன்றாகப் பிடிக்கும். ஒவ்வொரு ஆண்டும் கூடுதலாக அடிக்க வேண்டிவரும்.

கினிகத்தேனை வாசி:
ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். கானைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் "தும்புத்தடியால் தேய்த்தால் போதும்" என்கிறீர்களே, தேய்ப்பது யார்? 480 சதுர அடி ஈரக் கொங்கிரீட்டைக் குனிந்து தேய்ப்பது ஒரு முழுக் காலைப்பொழுது வேலை. எங்கள் வீடுகளில் அந்த வேலை யார் தலையில் விழுகிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாள் முழுவதும் மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்த தாய், ஞாயிற்றுக்கிழமையில் பாசி தேய்க்கிறாள். அந்த அம்மாதான் இப்போது கையில் கட்டுடன் இருக்கிறார். கையால் செய்யலாம் என்று சொல்பவர்கள் எந்தக் கை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இயந்திரம் இருந்தால் ஆண்பிள்ளைகளும் ஆசையோடு எடுத்து அடிக்கிறார்கள். என் மகன் ஒரு நாளும் தும்புத்தடியைத் தொட்டதில்லை. இப்போது முற்றம் அவன் பொறுப்பு.

வட்டவளைக்காரர்:
நீங்கள் சொன்னது நெஞ்சில் தைக்கிறது. என் வீட்டிலும் என் மனைவிதான் தேய்த்தார். அதை நான் மறைக்க மாட்டேன்.

ஆனாலும் தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள். வீட்டுப் பாவனைக்கான பிரஷர் வாஷர் நிமிடத்துக்கு ஆறேழு லீற்றர் தண்ணீர் குடிக்கும். ஏழு என்று வைத்தால் மணிக்கு 420 லீற்றர். மூன்று மணி நேரத்தில் 1,260 லீற்றர். கொட்டகலையில் எத்தனை வீட்டில் அவ்வளவு பெரிய தாங்கி இருக்கிறது? எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, பீலித் தண்ணீர்தான். பெப்ரவரி, மார்ச்சில் அந்தப் பீலி நூல்போல் ஒழுகும். அந்த நேரத்தில் ஒரு வீடு இயந்திரத்தை ஓட்டினால், கீழே இருக்கும் இருபது வீட்டுக் குடமும் காத்திருக்கும்.

கினிகத்தேனை வாசி:
பெப்ரவரியில் யார் அடிக்கச் சொன்னது? பாசி வளர்வது தென்மேற்குப் பருவமழையில். அப்போது கூரையிலிருந்து விழும் தண்ணீரை ஒரு பீப்பாயில் பிடித்தாலே போதும். பீப்பாயிலிருந்து தானாக உறிஞ்சும் வகையா என்று கடையில் கேட்டு வாங்க வேண்டும், எல்லா வகையும் உறிஞ்சாது. குழாயின் வாயில் வடிகட்டி போட வேண்டும். இல்லாவிட்டால் இலைத்தூள் போய்ப் பம்பு பழுதாகிவிடும்.

பண்டாரவளை மின்பணியாளர்:
எந்தப் பக்கமும் சேராமல் ஒரு விடயம் மட்டும் சொல்கிறேன். இத்தகைய இயந்திரம் ஏறத்தாழ 1,500 வாட் முதல் 2,000 வாட் வரை இழுக்கும். வீட்டில் மின்கசிவு வந்தால் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் ட்ரிப் ஸ்விட்ச் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் இயந்திரம் வாங்கவே வேண்டாம். பழைய லயங்களில் வயரிங் எந்த நிலையில் இருக்கிறது என்பதை நான் தினமும் பார்க்கிறேன். 60 அடி பாதைக்கு மெல்லிய நீட்டிப்பு வயர் போட்டால் அது சூடேறும், இணைப்பு ஈரத்தில் கிடக்கும். தடித்த வயர், இணைப்பு தரையைத் தொடாமல் உயரத்தில், காலில் ரப்பர் பூட்ஸ். இவற்றில் ஒன்று குறைந்தாலும் தொடாதீர்கள்.

ராகலை இளைஞர்:
இவ்வளவு சண்டை எதற்கு? பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி ஒரு மணி நேரம் விட்டால் பாசி வெளுத்துச் செத்துவிடும். இன்னும் போகவில்லை என்றால் கழிவறை கழுவும் அசிட்டை மேலே ஊற்றலாம். செலவும் குறைவு.

நுவரெலியா மரக்கறித் தோட்டக்காரர்:
தம்பி, தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லாதே. பிளீச்சிங் பவுடரும் அசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூச்சுக்குழாயைச் சுடும் நச்சு அது. காற்றோட்டமில்லாத மூலையில் நிற்பவர் விழுந்துவிடுவார்.

பிளீச்சிங் பவுடர் மட்டும் என்றாலும் அது ஏற்றப் பாதையில் நிற்காது. மழையில் கரைந்து கீழே ஓடும். கீழே என்ன இருக்கிறது? எங்கள் பக்கம் என்றால் லீக்ஸ் பாத்தி, அதற்குக் கீழே ஓடை. மேல்வீட்டுக்காரர் முற்றம் வெளுத்த தண்ணீர் வந்து என் நாற்று மேடையின் ஓரம் கருகியதை நான் பார்த்திருக்கிறேன். மலையில் வீடு கட்டியவர் ஊற்றும் எதுவும் அவர் முற்றத்தோடு முடிவதில்லை.

டொரொண்டோ தங்கை:
கேள்வி கேட்ட அக்காவின் தங்கை நான்தான். இயந்திரம் வாங்கச் சொன்னதும் நான்தான், அதனால் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இங்கே முதல் குளிர்காலத்தில் நாங்களும் இதே தவறைச் செய்தோம். என்ன அள்ளப் போகிறோம் என்று பார்க்காமல் விலையைப் பார்த்தோம். ஒற்றைப் படி இயந்திரம் வாங்கினோம். அதன் சுழலும் அலகு தரையைத் தொட்டுக்கொண்டே பனியைத் தூக்கி எறியும். சமமான தார் வாசலுக்கும் ஓரடிக்குக் குறைவான புதுப் பனிக்கும் அருமையானது. ஆனால் எங்கள் வாசலில் பாதி சரளைக்கல். கல்லையும் சேர்த்து எறிந்தது. சரளைக்கு இரட்டைப் படி இயந்திரம் வேண்டும், அதில் அலகைத் தரையிலிருந்து சற்று உயர்த்தி வைக்கலாம். இன்னொன்று, நகரசபை வண்டி வீதியைத் தள்ளிக்கொண்டு போகும்போது வாசல் முகப்பில் கல்போல் ஒரு வரப்பை விட்டுவிட்டுப் போகும். ஈரமான அந்தப் பனியில் சிறிய இயந்திரம் அடைத்து நின்றுவிடும். அடைத்தால் எஞ்சினை நிறுத்தி, தடியால்தான் குத்த வேண்டும். கையை விட்டு விரல்களை இழந்தவர்கள் இருக்கிறார்கள். உப்பும் எல்லா நாளும் கேட்காது. சாதாரணக் கல்லுப்பு பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகை அளவில் வலுவிழந்துவிடும்.

ஒவ்வொரு வாசலுக்கும் வேறு கருவி என்பதை இதில்தான் கற்றுக்கொண்டேன். நுவரெலியாவில் தை மாதக் காலையில் புல்லில் வெள்ளையாக உறைபனி படியும், வெயில் ஏறியதும் போய்விடும். இங்கே அப்படி இல்லை. ஆனாலும் பனி ஒரு நாள் உருகித்தான் போகும். அக்கா வீட்டு மண்திட்டு உருகாது. எனக்கு இப்போது பாசியைவிட அந்தத் திட்டுத்தான் பயமாக இருக்கிறது.

வட்டவளைக்காரர்:
இந்தப் பிள்ளை சரியான இடத்தைத் தொட்டுவிட்டது. நாங்கள் இருவரும் பாசியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

மகள், அந்தச் சேற்றை அள்ளச் சவளும் மண்வெட்டியும் ஒரு தள்ளுவண்டியும் போதும். ஆனால் மழை பெய்யும்போது அள்ளாதீர்கள். திட்டின் அடியை வெட்டிச் சீராக்கவும் போகாதீர்கள். அடிமண்தான் மேல்மண்ணைத் தாங்கி நிற்கிறது. அடியை எடுத்தால் மேலே இருப்பது இறங்கும். திட்டின் மேல் புதிய வெடிப்பு, மரம் சாய்ந்திருப்பது, தெளிந்து வந்த ஊற்று திடீரென்று கலங்குவது, இவற்றில் எதைக் கண்டாலும் கருவியைப் போட்டுவிட்டு வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வெளியேற வேண்டும்.

24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் அளவு இது. நேர்ச்சுவருள்ள ஒரு பேணியை வெட்டவெளியில் வைத்து அடிமட்டத்தால் அளந்தாலே போதும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியதை நாம் யாரும் மறக்கவில்லை. பிரஷர் வாஷருக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் அந்தத் திட்டுக்கு ஒரு கானும் வெட்டிவேரும் போடுங்கள்.

கினிகத்தேனை வாசி:
திட்டைப் பற்றி ஐயா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: சேற்றைப் பிரஷர் வாஷரால் தள்ளிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது கானில் போய் அடைக்கும், அடுத்த மழையில் கீழ்வீட்டுக்குள் தண்ணீர் ஏறும்.

ஆனால் பாசிக்கு இயந்திரம் என்ற என் பேச்சிலிருந்து நான் இறங்கவில்லை. கான் வெட்டிய பிறகும் பாசி வரும். நம் மழை அப்படி. வாங்க முடியாவிட்டால் நான்கைந்து வீடு சேர்ந்து ஒன்றை வாங்குங்கள். ஆண்டுக்கு இரண்டு முறைதானே தேவை? அதற்காகவே ஒரு வீடு கடன் பட வேண்டியதில்லை.

வட்டவளைக்காரர்:
சேர்ந்து வாங்குவது என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அகல விரியும் முனை, ஓர் அடி தூரம், அதுவும் மழைமாதத்தில் மட்டும். பழைய கொங்கிரீட்டில் முதலில் ஒரு மூலையில் அடித்துப் பாருங்கள். மணல் வெளியே வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

கொட்டகலை ஆசிரியை:
எல்லோருடைய பதிலையும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். "எந்தக் கை" என்ற வரியை அம்மா இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

இந்தச் சனிக்கிழமை சித்தப்பாவும் அப்பாவும் மேல்பக்கத்தில் கான் வெட்டுகிறார்கள். திட்டின் மேல் ஏறிப் பார்த்தோம், வெடிப்பு எதுவும் தெரியவில்லை. ஆனாலும் கிராம சேவகரிடம் சொல்லி, வந்து பார்க்க ஏற்பாடு செய்யக் கேட்டிருக்கிறேன். கொய்யா மரத்தின் இரண்டு கிளைகளை வெட்டிவிட்டோம். நீண்ட பிடியுள்ள தும்புத்தடி ஒன்று வாங்கியாகிவிட்டது, குனியத் தேவையில்லை. அதைத் தம்பியின் பெயரில் எழுதி வைத்திருக்கிறோம். பிரஷர் வாஷருக்கு மூன்று வீடுகள் சம்மதித்திருக்கின்றன, இன்னும் ஒன்று பார்க்கிறோம். பண்டாரவளை அண்ணன், எங்கள் ட்ரிப் ஸ்விட்ச்சின் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். விழவில்லை. அதை மாற்ற எவ்வளவு ஆகும் என்று சொல்வீர்களா?