இரண்டாவது எஸ்2000: ஏபி1 ரீடெய்னர் புராணத்தை யாராவது நிறுத்துங்க

ஒன்பதாயிரம்_ஆர்பிஎம்:
பக்கத்து இழையில ஒருத்தர் கேட்டது நல்ல கேள்வி. வீட்டுல 2006 மாடல் ஹோண்டா எஸ்2000, அந்தத் துணிக்கூரை ஸ்போர்ட்ஸ் கார், ஒண்ணு இருக்கு, தினமும் ஓடுது. காலத்துக்கும் வச்சுக்க இன்னொண்ணு வாங்கலாமா, வாங்கினா எந்த வருஷம்னு கேட்டார். (புதுசா வர்றவங்களுக்கு: ஏபி1-னா 9000 சுத்தற 2 லிட்டர் பழைய எஸ்2000, ஏபி2-ன்னா அமெரிக்காவுல 2004-ல இருந்து வந்த 2.2 லிட்டர்.) அதுக்கு நம்ம டார்க்_மணி கொடுத்த தீர்ப்பு: "ஏபி1 வால்வ் ரீடெய்னர் பிஸ்கட் மாதிரி. ஏபி1 வாங்குறவன் இன்னொரு எஞ்சினுக்கும் காசு எடுத்து வைக்கணும்." படிச்சுட்டுச் சும்மா இருக்க முடியல.

ரீடெய்னர்னா வால்வ் ஸ்பிரிங் தலையில உக்காந்திருக்கிற சின்னத் தட்டு. ரெண்டு பாதியா இருக்கிற கீப்பர் வால்வ் தண்டைப் பிடிக்கும், கீப்பரை இந்தத் தட்டு பிடிக்கும். இது தானா உடையாது. மூணாவது கியர்ல, எஞ்சின் நிமிஷத்துக்கு 8500 சுத்து சுத்தறப்ப, நாலுக்குப் போறப்ப கை தவறி ரெண்டுல போட்டா உடையும். கணக்குப் போட்டுப் பாருங்க: மூணாவது விகிதம் 1.481, ரெண்டாவது 2.045. 8500 அப்பவே 11,700-ஐத் தாண்டிடும். எஞ்சின் சுத்துக்கு வரம்பு கட்டற ரெவ் லிமிட்டர் பெட்ரோலை நிறுத்தும், சக்கரம் எஞ்சினைச் சுத்துறதை அது எப்படி நிறுத்தும்? அது ஓட்டினவன் தப்பு. வண்டி தப்பு இல்ல.

டார்க்_மணி:
தானா உடையும்னு நான் எங்கே சொன்னேன்? வாங்கப் போறது இருபது வருஷத்துக்கு மேல ஆன வண்டி. முன்னாடி வச்சிருந்த நாலு பேர்ல ஒருத்தன் கை தவறி ரெண்டுல போட்டிருந்தா எப்படித் தெரியும்? ரீடெய்னர்ல விரிசல் விட்டும் மாசக்கணக்கா ஓடும். ஒரு நாள் கீப்பர் வழுக்கும், வால்வ் சிலிண்டருக்குள்ள விழும். பிஸ்டன், ஹெட், லைனர் எல்லாம் போச்சு. 2004-ல ஹோண்டாவே அந்தத் தட்டை மாத்தினான். பிஸ்கட் இல்லன்னா எதுக்கு மாத்தினான்? இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

ஒன்பதாயிரம்_ஆர்பிஎம்:
அதே 2004-ல அமெரிக்க வண்டிக்கு எஞ்சினையே மாத்தினான். போர் (சிலிண்டர் அகலம்) 87 மில்லிமீட்டர் அப்படியே இருக்க, ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகர்ற தூரம்) 84-ல இருந்து 90.7 ஆச்சு. 1997 சிசி 2157 ஆச்சு. சிவப்புக் கோடு 8000-க்கு இறங்குச்சு. புது எஞ்சினுக்குப் புதுத் தட்டு போட்டா பழைய தட்டு பிஸ்கட் ஆயிடுமா?

ஏபி2-ல இருக்கிற அந்த 2.2 லிட்டர் எஃப்22சி எஞ்சினோட பிஸ்டன் வேகத்தையும் பாருங்க. ஏபி1 9000-ல நொடிக்கு 25.2 மீட்டர். ஏபி2 8000-ல 24.2 மீட்டர். ஆயிரம் சுத்து குறைச்சும் ஒரே ஒரு மீட்டர்தான் வித்தியாசம். ஏபி2-வும் மூணுல 8000-ல இருந்து தவறி ரெண்டுக்குப் போனா 11,000. அங்கே மட்டும் வால்வ் பூப்பறிக்குமா?

தட்டை மாத்துறதும் பெரிய வேலை இல்ல. ஹெட்டைக் கழட்ட வேண்டாம். வால்வ் கவர், ரெண்டு கேம்ஷாஃப்ட், ராக்கர் தொகுதி, இவ்வளவுதான் இறங்கும். அந்தந்த சிலிண்டரோட பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து பிளக் ஓட்டை வழியா காத்தழுத்தம் கொடுத்தா வால்வ் கீழே விழாது. ஏபி2 ரீடெய்னர் 16, கூடவே ஏபி2 கீப்பர் 32. பழைய கீப்பரைப் புதுத் தட்டுல போடவே கூடாது. திரும்பப் பூட்டறப்ப கேம் கியர் குறி சேரணும். அப்புறம் எஞ்சின் குளிர்ந்த நிலையில வால்வ் இடைவெளி: இன்டேக் 0.21-0.25, எக்ஸாஸ்ட் 0.25-0.29 மில்லிமீட்டர். முடிஞ்சது. இதுக்குப் போய் இன்னொரு எஞ்சின் வாங்கணுமாம்.

டொராண்டோ_உப்பு:
நீங்கள் ரெண்டு பேரும் ஹெட்டுக்கு மேலயே நிக்கிறியள். கனடாவில, இல்லாட்டி அமெரிக்காவின்ர வடகிழக்குப் பக்கம் ஓடின கார் எண்டால் முதல்ல கீழ படுத்துப் பாக்கோணும். சில்லு அலைன்மென்ட் செய்யிற எக்சென்ட்ரிக் போல்ட்டுகள் புஷ்ஷுக்குள்ள துருப்பிடிச்சு இறுகிப் போயிருக்கும். கழட்டேலாது, வெட்டித்தான் எடுக்கோணும். அதோட புஷ்ஷும் போகும். பின்பக்க வீல் ஆர்ச்சின்ர உள் விளிம்பை விரலால தடவிப் பாருங்கோ, பெயின்ட் கொப்பளிச்சிருந்தால் உள்ள துரு. கூரைத் துணியின்ர தண்ணி வடியிற ஓட்டை அடைச்சிருந்தால் சீட்டுக்குப் பின்னால தண்ணி தேங்கி நிக்கும். காலத்துக்கும் வைச்சிருக்க வாங்கிற காருக்கு பொடி, அதாவது கார்க் கூடுதான் முக்கியம். ரீடெய்னரைக் கடையில வாங்கலாம், பொடியை வாங்கேலாது.

டார்க்_மணி:
டொராண்டோ அண்ணே, துரு வேற விஷயம். இங்க பேசறது ரீடெய்னர். "முடிஞ்சது"ன்னு எழுதிட்டா முடிஞ்சிடுமா? ரெண்டு கேம்ஷாஃப்ட்டை இறக்கி ஏத்தற வேலையை ஆயில் மாத்தற மாதிரி சொல்றார். போன வருஷம் ஆயில் இழையிலயும் இதே கதைதான். புத்தகத்துல 10டபிள்யூ-30 போட்டிருக்கு, இவர் அதைவிடக் கெட்டியான 40-தான் ஊத்தணும்னு இருபது பதிவு போட்டு எல்லாரையும் வாயடைச்சார்.

ஒன்பதாயிரம்_ஆர்பிஎம்:
ரேஸ் டிராக்ல கோடையில ஓட்டுற வண்டிக்கு 40-ன்னு சொன்னேன். அந்த "டிராக்ல" என்கிற வார்த்தையை வெட்டிட்டு மேற்கோள் காட்டினது நீங்க. அதை நான் இன்னும் மறக்கல. 30-ஓ 40-ஓ, இந்த எஞ்சின் ஆயில் குடிக்கும். 4.8 லிட்டர்தான் கொள்ளளவு, ஒவ்வொரு தடவை பெட்ரோல் போடறப்பவும் குச்சியை எடுத்துப் பாக்கணும். பாக்காம ஆயில் வத்திப்போக ஓட்டி எஞ்சினைக் கொன்னுட்டு ரீடெய்னர் மேல பழி போடறவங்கதான் அதிகம்.

லண்டன்_சுருள்வில்:
ஒரு திருத்தம். ஏபி1, ஏபி2 என்பவை சேசிஸ் குறியீடுகள். அமெரிக்காவில் 2004-இலேயே ஏபி2 வந்துவிட்டது. ஜப்பானில் 2005 இறுதியில்தான் 2.2 லிட்டரும் ஏபி2-வும் வந்தன. ஐரோப்பாவில் 2009-இல் உற்பத்தி நிற்கும் வரை 2 லிட்டர் எஃப்20சி மட்டுமே, குறியீடும் ஏபி1தான். ஆகவே "ஏபி1 வாங்காதே" என்றால் 2008 மாடல் பிரிட்டன் வண்டியையும் வாங்கக் கூடாது என்றாகிறது. எந்த நாடு, எந்த வருடம், எந்த எஞ்சின் என்று முதலில் வரையறுத்துக்கொண்டு பேசலாமே?

டார்க்_மணி:
கேட்டவர் அமெரிக்காவுல இருக்கார். லண்டன் சேசிஸ் நம்பர் அவருக்கு எதுக்கு? ஹோண்டா ஏன் ரீடெய்னரை மாத்தினான், அதுக்கு இன்னும் பதில் வரல.

சேமிப்பு_கொட்டகை:
இது என்ன, தட்டு தட்டுன்னு தட்டிக்கிட்டே இருக்கீங்க. எது வாங்கினாலும் லாபம்தான். 1999-ல இருந்து 2009 வரைக்கும் செஞ்சதே ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேல. இனிமே 9000 சுத்தற நாலு சிலிண்டர் எஞ்சினை எவனும் செய்யப் போறதில்ல. குறைஞ்ச மைல் வண்டியா வாங்கி, கவர் போட்டு மூடி, மாசம் ஒரு தடவை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வச்சா போதும். பத்து வருஷத்துல பேசுவோம்.

ஒன்பதாயிரம்_ஆர்பிஎம்:
அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்றதுதான் வண்டியைக் கொல்ற வழி! எரியறப்ப உண்டாகிற தண்ணி ஆயில்லயும் சைலன்சர்லயும் அப்படியே தங்கும். ஆயில் சூடேறவே அஞ்சு நிமிஷம் பத்தாது. ஓட்டினா முக்கால் மணி நேரம் ஓட்டுங்க, சூடேறினப்புறம் விடெக் (வால்வை இன்னும் அதிகமா திறக்க வைக்கிற அமைப்பு) வேலை செய்யற 6000-க்கு மேல போய் வாங்க. இல்லன்னா தொடாதீங்க. பேட்டரிக்குச் சார்ஜ் இறங்காம பாத்துக்கிற மெயின்டெய்னர் மாட்டுங்க, டேங்கை நிரப்பி பெட்ரோல் கெடாம இருக்க ஸ்டெபிலைசர் ஊத்துங்க, டயர் காத்தைக் கொஞ்சம் கூட்டி வைங்க, ஹேண்ட் பிரேக்கை இறக்கிட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைங்க. 9000 சுத்தறதுக்குன்னே பிறந்த எஞ்சினை மூடி வச்சு விலை ஏறுதான்னு எட்டிப் பாக்கறவங்க தங்கம் வாங்கிக்கலாம்.

சேமிப்பு_கொட்டகை:
என் காசு, என் கொட்டகை. உங்ககிட்ட அனுமதி கேக்கலையே.

டொராண்டோ_உப்பு:
கேட்டவரிட்ட இருக்கிறது 2006. அது ஏபி2, எலக்ட்ரானிக் திராட்டில், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் எல்லாம் உள்ள கார். ரெண்டாவதா அதையே வாங்கி என்ன காணுறது? ஆக்சிலரேட்டர் கம்பியால இழுபடுற கேபிள் திராட்டில் உள்ள 2002, 2003 எண்டால் வேற கார் ஓட்டின மாதிரி இருக்கும். பின் கண்ணாடியும் பிளாஸ்டிக் இல்லை.

டார்க்_மணி:
அண்ணே, அதே வண்டியை ரெண்டு வச்சா ஸ்பேர் பார்ட்ஸ் ரெண்டுக்கும் பொருந்தும். ஏபி2-ல கார்பன் சிங்க்ரோ (கியர் மாத்த உதவற வளையம்), மாத்தின பின் சஸ்பென்ஷன், 17 இன்ச் வீல். 2000, 2001 வண்டி வளைவுல ஆக்சிலரேட்டரை விட்டா பின்பக்கம் சட்டுனு திரும்பும். அதுமட்டுமா? அந்த ரெண்டு வருஷ எஞ்சின்ல பிஸ்டனுக்கு ஆயில் பீச்சற பாஞ்சோ போல்ட்ல ரெண்டே ஓட்டை, அப்புறம்தான் நாலு ஓட்டை ஆச்சு. லைனர், அதாவது சிலிண்டர் உள்சுவர், எஃப்ஆர்எம், நார் கலந்த உலோகம். கோடு விழுந்தா சாதாரண லேத்துல போர் அடிச்சு ஓவர்சைஸ் பிஸ்டன் போட முடியாது. இவ்வளவுக்கும் மேல ரீடெய்னர்.

ஒன்பதாயிரம்_ஆர்பிஎம்:
எஃப்ஆர்எம் லைனர் உங்க ஏபி2-லயும் அதேதான். அதை ஏபி1 கணக்குல எழுதறது எந்த ஊர் நியாயம்? குளிர்ந்த எஞ்சினை எழுப்பினதும் முன்பக்கம் கடகடன்னு சத்தம் போடற டைமிங் செயின் டென்ஷனர், அதுவும் ரெண்டுலயும் உண்டு. பாஞ்சோ போல்ட்டுக்கு ஆயில் பேனை இறக்கி நாலு போல்ட் மாத்தணும், அவ்வளவுதான்.

வாங்கப் போறவர் கவனிக்க: விக்கிறவர்கிட்ட வால்வ் கவரைக் கழட்டச் சொல்லுங்க. சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வச்சு 16 தட்டையும் பாருங்க. கீப்பர் தட்டுக்குள்ள அமிழ்ந்து நின்னா, ஒண்ணு மட்டும் மத்ததைவிடத் தாழ்ந்திருந்தா, வண்டியை விட்டுட்டு வாங்க. அப்புறம் நாலு சிலிண்டருக்கும் லீக்டவுன் டெஸ்ட் (காத்தழுத்தம் கொடுத்துக் கசிவு பாக்கறது), நாலாவதுக்குள்ள கேமரா.

டார்க்_மணி:
பாத்தீங்களா! கவரைக் கழட்டிப் பாக்கணும்னு இவரே சொல்றார். பிஸ்கட் இல்லாத தட்டை எதுக்குக் கண்ணாடி வச்சுப் பாக்கணும்? நான் முதல்ல இருந்து சொல்றதும் அதானே.

ஒன்பதாயிரம்_ஆர்பிஎம்:
நீங்க முதல்ல சொன்னது "இன்னொரு எஞ்சினுக்குக் காசு எடுத்து வை". நான் சொன்னது "பாத்து வாங்கு". ரெண்டும் ஒண்ணுன்னா நாம ஏன் இவ்வளவு நேரம் பேசறோம்?

லண்டன்_சுருள்வில்:
எந்த எஞ்சின் என்பதை இன்னும் யாரும் வரையறுக்கவில்லை.

டார்க்_மணி:
ஹோண்டா ஏன் மாத்தினான்?

ஒன்பதாயிரம்_ஆர்பிஎம்:
தப்பா கியர் போடாம, 9000-க்குள்ள ஓட்டி, ரீடெய்னர் தானா உடைஞ்ச ஒரே ஒரு எஞ்சின் படம் போடுங்க. தட்டு, கீப்பர், வால்வ் தண்டு மூணும் தெரியணும். படம் வர்ற வரைக்கும் நான் இந்த இழையை விட்டுப் போகப் போறதில்ல.