ஒட்டுசுட்டான் வளவில் கிடைத்த பக்கிளும் இரண்டு வெள்ளிக் காசுகளும்

வாழைக்குழி எழுதியது:

வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒட்டுசுட்டானுக்கு அருகிலுள்ள எங்கள் வளவில் வாழைக்குழி வெட்டியபோது, ஒரு முழ ஆழத்துக்குள் பித்தளைப் பக்கிள் ஒன்றும் இரண்டு வெள்ளிக் காசுகளும் அகப்பட்டன. ஒரு காசு வட்டமானது. ஏறத்தாழ 30 மில்லிமீற்றர் அகலமுள்ள அதில் ஓர் அரசியின் தலையும் 1840 என்ற ஆண்டும் தெரிகின்றன. மற்றையது மெல்லிய, ஒழுங்கற்ற சதுரத் துண்டு. அதில் எழுத்து எதுவுமில்லை. சூரியனைப் போன்ற ஓர் அடையாளமும் தேய்ந்த வேறு சில குறிகளும் உள்ளன. நகைக்கடைத் தராசில் அது 3.1 கிராம் நிறுத்தது. பக்கிளுக்கு ஊசி இல்லை. பக்கவாட்டில் பார்த்தால் சட்டகம் சற்று வளைந்திருக்கிறது.

இவை எக்காலத்தவை? கனடாவிலுள்ள அத்தான் உலோகம் தேடும் கருவியொன்றை அனுப்புவதாகச் சொல்கிறார். அதைக் கொண்டு வளவு முழுவதையும் தேடலாமா? காசுகளை விபூதி போட்டுத் தேய்க்க வேண்டும் என்று அம்மா நிற்கிறார். இன்று வரை தடுத்து வைத்திருக்கிறேன்.

பழங்காசு எழுதியது:

முதலில், அம்மாவைத் தொடர்ந்தும் தடுத்து வையுங்கள். விபூதியோ புளியோ போட்டுத் தேய்த்தால் கறுப்புப் படிவோடு குறிகளும் தேய்ந்துவிடும். அந்தச் சதுரத் துண்டுக்கு அந்தக் குறிகளைத் தவிர வேறு பிறப்புச் சான்று கிடையாது.

வட்டக் காசு கிழக்கிந்தியக் கம்பனியின் விக்டோரியா ரூபாய். புதிதாக அச்சடிக்கப்பட்டபோது 11.66 கிராம் இருந்திருக்கும். இலங்கையிலும் தாராளமாகப் புழங்கிய காசு என்பதால் அதைக் கண்டு நான் வியக்கவில்லை. என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது மற்றையது. வெள்ளித் தகட்டைத் துண்டுகளாக வெட்டி, எடை சரியாகும் வரை மூலைகளை நறுக்கி, ஒவ்வொரு குறியையும் தனித்தனி அச்சால் அடித்த முத்திரைக் காசாகவே அது தெரிகிறது. அவற்றின் முழு எடை சுமார் 3.4 கிராம் என்பதால், தேய்ந்த ஒன்று 3.1 நிற்பது பொருத்தமே. கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளைச் சேர்ந்த இவ்வகைக் காசுகள் யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலும் மன்னாரின் மாந்தையிலும் கிடைத்திருக்கின்றன.

வளைந்த பக்கிள் சப்பாத்துக்குரியது. பாதத்தின் மேல் படிவதற்காகவே அந்த வளைவு. 1790கள் வரை ஐரோப்பியர் சப்பாத்துகளைக் கயிற்றால் அல்ல, பக்கிளால்தான் பூட்டினர். முல்லைத்தீவில் ஒல்லாந்தர் கோட்டை வைத்திருந்ததையும், 1803இல் வன்னியின் மன்னன் பண்டார வன்னியனை எதிர்த்து வந்த ஆங்கிலப் படை உங்களுக்கு அருகேயுள்ள கற்சிலைமடு வரை வந்ததையும் நினைத்துப் பாருங்கள். ஆனால் சப்பாத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று பக்கிளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எனக்குள்ள குழப்பம் வேறு: ஈராயிரம் ஆண்டு இடைவெளியுள்ள பொருட்கள் ஒரே முழ ஆழத்தில் எப்படிச் சேர்ந்தன? அந்த மண் அந்த வளவுக்குரியதுதானா?

வெள்ளைக்கம்பு எழுதியது:

நான் ஆறு ஆண்டுகள் மிதிவெடி அகற்றும் பணியில் இருந்தவள். அந்தக் கருவியை வாங்க வேண்டாம் என்று அத்தானிடம் சொல்லிவிடுங்கள். கருவி கத்தினால் கீழே இருப்பது காசா, தோட்டாக் கோதா, வெடிக்காத எறிகணையின் மூக்கா என்று அது சொல்லாது. மரப்பெட்டியில் செய்த ஜொனி மிதிவெடியில் உலோகம் மிகச் சிறிதளவே உண்டு. பொழுதுபோக்குக் கருவி அதன் மேல் மௌனமாகவே கடந்து போகக்கூடும். துப்புரவாக்கிய காணியென்றாலும், குறிப்பிட்ட ஆழம் வரைதான் அந்த உறுதி.

பக்கிளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் மண்ணில் பக்கிள் என்றால் எல்லாம் ஒல்லாந்தருடையது அல்ல; போரில் இறந்தவர்களுடையதாகவும் இருக்கலாம். 2023 யூனில் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தில் மனித எச்சங்களும் உடைகளும் வெளிப்பட்டதை அறிவீர்கள். துணியோ எலும்போ கூட வந்தால் அந்தக் கணமே மண்வெட்டியை வைத்துவிட்டுப் பொலிசுக்கு அறிவியுங்கள்; எதையும் கையால் அசைக்க வேண்டாம். அங்கே கிடப்பது யாரோ ஒருவரின் பிள்ளையாக இருக்கலாம்.

சட்டப்புள்ளி எழுதியது:

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டது தொல்பொருளாகும். ஆகவே ரூபாய் அதில் அடங்காது, முத்திரைக் காசு அடங்கும். தொல்பொருள் தேடும் நோக்கத்தோடு அனுமதிப்பத்திரமின்றித் தோண்டுவது சொந்தக் காணியிலும் குற்றமே. தற்செயலாகக் கிடைத்ததை அறிவிப்பவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆகவே குழி வெட்டிய நாளையும் இடத்தையும் இப்போதே எழுதி வையுங்கள்.

வாழைக்குழி எழுதியது:

பழங்காசு கேட்ட கேள்விக்கு விடையை அப்பாவே வைத்திருந்தார். வளவு தாழ்வாக இருந்ததால், குளம் திருத்தியபோது வண்டல் மண்ணை நான்கு உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றி வந்து அந்த மூலையில்தான் கொட்டினாராம். ஆக, எங்கள் வளவில் தேட எதுவுமில்லை. மூன்று பொருட்களும் குளத்திலிருந்து வந்தவையாக இருக்கலாம். அத்தானிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாளை கிராம அலுவலரிடம் போகிறேன்.

பழங்காசு எழுதியது:

போகுமுன் அப்பாவை அழைத்துச் சென்று, குளத்தின் எந்தப் பக்கத்தில் மண் அள்ளினார் என்று காட்டச் சொல்லிப் படமெடுங்கள். தொல்லியல் திணைக்களத்துக்குக் காசை விட அந்தப் படமே கூடுதலாகப் பயன்படும். காசுகளைத் தனித்தனிக் கடதாசி உறைகளில் வையுங்கள். பொலித்தீனில் ஈரம் தங்கும்.