பழைய சீரீஸ் 3 லேண்ட் ரோவருக்கு 200டிடிஐ: எஞ்சின் மட்டுமா, கியர்பாக்ஸும் சேர்த்தா?

செம்மண்:
வணக்கம். என்னுடையது 1978 சீரீஸ் 3, 88 அங்குல வீல்பேஸ், 2.25 லிட்டர் டீசல். எஞ்சின் தேய்ந்துவிட்டது. காலையில் கிளம்பவே நேரம் எடுக்கிறது, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று ஆவி வருகிறது. சேஸிஸும் பாடியும் திடமாக இருப்பதால் விற்க மனமில்லை. இப்போது லேண்ட் ரோவரின் இன்னொரு மாடலான டிஸ்கவரியிலிருந்து கழற்றிய 200டிடிஐ டர்போ டீசல் எஞ்சின் ஒன்று, ஐந்து கியர் பாக்ஸும், ஓட்டத்தை முன் பின் ஆக்ஸிலுக்குப் பிரித்துத் தரும் எல்டி230 டிரான்ஸ்ஃபர் கேஸும் சேர்ந்தே கிடைக்கிறது. எஞ்சினை மட்டும் எடுத்துப் பழைய நாலு கியர் பாக்ஸோடு மாட்டுவதா, மூன்றையும் மொத்தமாக இறக்கிவிடுவதா? வாரநாளில் தார்ச்சாலையில் 80-இல் காது வலிக்காமல் போக வேண்டும், மாதத்தில் ஒரு நாளாவது பாறையும் ஓடையுமான பாதையில் இறங்குவேன். ரோவர் வி8 போடச் சொல்லி ஒரு நண்பர் விடாமல் கேட்கிறார், அதையும் சொல்லுங்கள்.

நாலாம்கியர்:
எஞ்சினைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் விகிதக் கணக்கைப் பாருங்கள். உங்கள் வண்டியில் டிஃப் (ஆக்ஸிலில் உள்ள டிஃபரன்ஷியல்) விகிதம் 4.7, டிரான்ஸ்ஃபர் கேஸ் சாதாரண ஓட்டத்துக்கான ஹை ரேஞ்சில் 1.148, நாலாவது கியர் ஒன்றுக்கு ஒன்று. 7.50-16 டயர் என்றால் 80 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் சுமார் 2900 சுற்று சுற்றும். 200டிடிஐயை மட்டும் மாட்டினாலும் அதே 2900 தான், ஏற்றத்தில் இழுவை கூடுமே தவிர காது வலி அப்படியே இருக்கும். அந்த எஞ்சினுக்கு முழு இழுவையும் 1800-லேயே வந்துவிடும், அதைப் போய் 2900-இல் கதற விடுவது பாவம்.

அதனால் எஞ்சின் மட்டும் என்று முடிவு செய்தால் அந்த டிஸ்கவரியின் 3.54 டிஃப்களையும் கேட்டு வாங்குங்கள். 88-க்கு முன்னும் பின்னும் பொருந்தும் (109 அங்குல வீல்பேஸ் வண்டி என்றால் பின்னால் சாலிஸ்பரி என்ற வேறு வகை ஆக்ஸில், அது வேறு கதை). இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நாலு சக்கர ஓட்டத்தில் போட்டால் ஏதாவது ஒன்று உடையும். மாற்றியபின் 80-க்குச் சுமார் 2200 சுற்று போதும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 80-இல் போய்க்கொண்டிருக்கும், மறந்துவிடாதீர்கள்.

ஆனால் பாறைப் பாதைக்கு இதில் ஒரு நஷ்டம் உண்டு. மெதுவாக ஊர்வதற்கான லோ ரேஞ்ச் முதல் கியரில் இப்போது மொத்த விகிதம் 40-க்குக் கொஞ்சம் மேல், 3.54 போட்டால் 30-க்கு வந்துவிடும். இறக்கத்தில் எஞ்சின் பிடித்து நிறுத்தும் அந்தப் பலத்தில் கால் பங்கு போய்விடும், பிரேக்கை அதிகம் மிதிக்க வேண்டி வரும்.

பழைய_டீசல்:
நான் எஞ்சின் மட்டும் மாற்றியவன், அதனால் நடந்ததைச் சொல்கிறேன். 200டிடிஐ பழைய 2.25-இன் வழியில் வந்த எஞ்சின், அதனால்தான் பழைய பாக்ஸோடு சேர்ப்பது சாத்தியமாகிறது. அடுத்து வந்த 300டிடிஐயில் இவ்வளவு சுலபம் இல்லை. சிக்கல் டர்போவில். டிஸ்கவரி எஞ்சினில் டர்போ தாழ்வாக இருக்கும், எஞ்சினை இறக்கும்போது நேராகப் போய்ச் சேஸிஸ் மவுண்டில் இடிக்கும். டர்போ மேலே உட்காரும், லேண்ட் ரோவர் டிஃபெண்டர் மாடலின் வகை கிடைத்தால் அதையே எடுங்கள், இல்லையென்றால் டர்போவைத் தாங்கும் மேனிஃபோல்டை மாற்ற வேண்டி வரும். வயரிங் பற்றிக் கவலை வேண்டாம், பம்ப் முழுக்க மெக்கானிக்கல், எஞ்சினை நிறுத்தும் சொலினாய்டுக்கு ஒரு வயர் போனால் ஓடும்.

பாக்ஸ் விஷயத்தில் கவனம். உங்கள் டீசலின் இழுவை சுமார் 140 நியூட்டன்மீட்டர், டிஸ்கவரி எஞ்சினுடையது சுமார் 265. நான் புது எஞ்சின் வந்த மகிழ்ச்சியில் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு ஏற்றத்தில் மூன்றாவது கியரில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தேன். சில மாதத்தில் மூன்றாவதில் ஊளைச் சத்தம். பாக்ஸ் ஆயிலை வடித்து விரல் நடுவில் தேய்த்துப் பார்த்தபோது பித்தளைத் துகள் பொன்னிறமாக மினுங்கியது. தப்பு முழுக்க என்னுடையது, அந்த பாக்ஸ் இவ்வளவு சுமைக்குச் செய்ததில்லை. அதைப் பிரித்துச் சரிசெய்து, டீசல் அளவைக் குறைத்து, டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லாமல் ஓட்டுகிறேன், அதன்பிறகு தொந்தரவு இல்லை.

மலைச்சரிவு:
மொத்தமாக இறக்கினால் எண்கள் அழகாகவே இருக்கும். முதல் கியர் சுமார் 3.7, எல்டி230 லோ ரேஞ்ச் 3.32, டிஃப் 3.54, பெருக்கினால் 43. அதாவது பாறையில் இப்போதையதை விட மெதுவாகவே ஊரலாம், ஐந்தாவது கியரில் 80-க்கு 2000-க்கும் கீழே. கேட்டது இரண்டும் கிடைத்துவிடும்.

ஆனால் யாரும் முன்கூட்டியே சொல்லாத ஒன்று இருக்கிறது. எல்டி230 எப்போதும் நாலு சக்கரத்தையும் ஓட்டும் வகை. உங்கள் முன் ஆக்ஸில் முனையில் இருப்பது சாதாரண யுனிவர்சல் ஜாயிண்ட், சீரான வேகம் தரும் சிவி ஜாயிண்ட் அல்ல. திருப்பத்தில் முன் சக்கரத்துக்கு ஓட்டம் வரும்போது அது ஒரு சுற்றுக்குள்ளேயே வேகமும் மெதுவுமாகச் சுற்றும், ஸ்டியரிங் கைக்குள் துடிப்பது நன்றாகத் தெரியும். சேற்றில் தெரியாது, தார்ச்சாலையில் தினமும் அப்படி ஓட்ட முடியாது. ஆகவே முன் ஓட்டத்தைத் துண்டிக்கும் மாற்று பாகம் போட வேண்டும், அல்லது டிஸ்கவரியின் ஆக்ஸிலுக்கே போக வேண்டும், அது காயில் ஸ்பிரிங், வேறு பெரிய வேலை. இதோடு பாக்ஸ் நீளம் அதிகம் என்பதால் சேஸிஸ் குறுக்குச்சட்டத்தை நகர்த்தி, இரண்டு பிராப்பெல்லர் ஷாஃப்டையும் புதிதாக அளந்து, தரைத் தகட்டையும் வெட்ட வேண்டும். வெல்டிங் கை தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் தொடங்காதீர்கள்.

வி8 அலுமினியம், கனம் குறைவு, சத்தமும் இனிமை. ஆனால் பெட்ரோல், தீப்பொறி, ஓடையில் தண்ணீர். உங்கள் பாதைக்கு டீசலே சரி.

செம்மண்:
யுனிவர்சல் ஜாயிண்ட் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, மிக்க நன்றி அண்ணே. அப்போது எஞ்சினும் 3.54 டிஃப்பும் எடுத்துவிட்டு இழுவையைக் குறைத்து ஓட்டலாம் என்று நினைக்கிறேன். நாளைக்கே பாக்ஸ் ஆயிலை வடித்துப் பார்க்கிறேன். பிரேக் பற்றி ஏதாவது?

நாலாம்கியர்:
நாலு சக்கரத்திலும் 10 அங்குல டிரம் தானே? எஞ்சின் இறங்குவதற்கு முன்பே வீல் சிலிண்டர், ஹோஸ் எல்லாம் புதிதாகப் போட்டு, பிரேக் மிதியை லேசாக்கும் சர்வோவும் பொருத்திவிடுங்கள். அதற்கு வேண்டிய வேக்குவம் பம்ப் அந்த எஞ்சினிலேயே இருக்கிறது, கழற்றும்போது விட்டுவிடாமல் சேர்த்து வாங்குங்கள்.