புதுப்பிப்பு: பிரெத்தோன் மொழியின் ‘கடோர்’ பிரெஞ்சுச் சொல் அன்று

பிரெத்தோன், வடமேற்குப் பிரான்சில் பேசப்படும் கெல்டிய மொழி. நாற்காலியைக் குறிக்கும் ‘கடோர்’ என்ற அதன் சொல், அதே பொருள்கொண்ட பிரெஞ்சின் ‘ஷேஸ்’ என்பதன் திரிபு என்று சென்ற இழையில் எழுதியிருந்தேன். அது பிழை. ‘அப்படியானால் வேல்ஸ் மொழியில் ஏன் காடைர் என்கிறார்கள்?’ என்று ஒரு வாசகர் கேட்டார். வேல்ஸ் மொழி பிரெத்தோனின் உறவு மொழி; அந்த ஒரு கேள்வியிலேயே என் விளக்கம் சரிந்துவிட்டது.

கடோர், காடைர் இரண்டுக்கும் மூலம் இருக்கையைக் குறிக்கும் லத்தீனின் ‘கதெட்ரா’. அதுவும் கிரேக்கத்திலிருந்து வந்ததுதான். ரோமானியர் ஆட்சியில் பிரிட்டன் இருந்தபோது அத்தீவில் வாழ்ந்த கெல்டிய மக்கள் இச்சொல்லை ஏற்றுக்கொண்டனர். பின்னர் 5, 6ஆம் நூற்றாண்டுகளில் கடல் கடந்து இன்றைய பிரான்சின் பிரித்தானி பகுதியில் குடியேறியவர்கள் அதைத் தங்களோடு கொண்டுசென்றனர். ஓசையே சாட்சி: நடுவிலிருந்த ‘த’ மெலிந்து ‘ட’ ஆனது, முதல் ‘க’ அப்படியே நிற்கிறது. பிரெஞ்சிலோ அந்தக் ‘க’ ‘ஷ’ ஆகிவிட்டது, நடு மெய் மறைந்தே போனது. ‘ஷேர்’ என்றிருந்ததைப் பாரிஸ் மக்கள் ‘ஷேஸ்’ ஆக்கினர். அங்கிருந்து ‘கடோர்’ பிறக்க வழியே இல்லை.

வேல்ஸின் காடைர் இட்ரிஸ் மலையும் ‘இட்ரிஸின் இருக்கை’தான். பிரித்தானியின் அரே மலைத்தொடரிலும் ‘கடோர்’ பெயர் தாங்கிய குன்று உண்டு.

என்னை நெகிழவைத்தது வேறொன்று. இதே லத்தீன் சொல் போர்த்துகீசியத்தில் ‘கடெய்ரா’ ஆகி, இலங்கைத் தமிழில் ‘கதிரை’ ஆயிற்று. யாழ்ப்பாணத்துத் திண்ணையில் கிடக்கும் கதிரையும் பிரெத்தோன் அடுப்படியின் கடோரும் ஒரே சொல்லின் பிள்ளைகள்!

பழைய இழையின் அந்தப் பத்தியைத் திருத்திவிட்டேன். கேட்ட வாசகருக்கு மனமார்ந்த நன்றி.