மழை பெய்தால் நிற்கும் புல்வெட்டி: எல்லை வயர் பழுதைத் தேடிய எங்கள் அனுபவங்கள்

தாமான் வாசி, ஓய்வுபெற்ற வயர்மேன்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பு ஒன்றில், மூலை வீட்டில் குடியிருக்கிறேன். செம்பனை ஆலையில் நீண்ட காலம் வயர்மேனாக வேலை செய்து ஓய்வு பெற்றவன். முழங்கால் அறுவைக்குப் பிறகு முதுகில் இயந்திரத்தை மாட்டிக்கொண்டு புல் வெட்ட முடியாமல் போனதால், மகள் தானியங்கிப் புல்வெட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். முதல் எட்டு மாதங்கள் அது குறையின்றி ஓடியது. அதன் பிறகு ஏற்பட்ட பழுதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. இதே நிலையில் இருக்கும் வேறு யாருக்காவது அந்த மூன்று வாரம் மிச்சமாகட்டும் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பழுதின் போக்கு இதுதான். இரவில் மழை பெய்தால், காலையில் இயந்திரம் தன் மின்னேற்று நிலையத்தை விட்டுக் கிளம்பாது. எல்லைச் சமிக்ஞை இல்லை என்று திரையில் காட்டும். வெயில் ஏறி முற்றம் காய்ந்த பிறகு, பிற்பகலில் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். சில நாள்களில் புல்வெளியின் நட்டநடுவில் நின்றுகொண்டு, தான் எல்லைக்கு வெளியே இருப்பதாக அறிவிக்கும். விற்றவரிடம் தொலைபேசியில் கேட்டபோது, புல்வெளியைச் சுற்றிப் போட்டிருக்கும் எல்லை வயர் எங்கோ அறுந்திருக்கிறது, முழுவதையும் புதிதாகப் போட்டுவிடுங்கள் என்றார். அறுந்த வயர் பிற்பகலில் எப்படி ஒட்டிக்கொள்ளும் என்ற கேள்வி என்னை விடவில்லை.

இந்த வயர் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் தேடுவது எளிதாகும். நிலையத்தின் ஒரு முனையில் கிளம்பும் வயர் புல்வெளியைச் சுற்றிக்கொண்டு மறுமுனைக்குத் திரும்பி வருகிறது. அதில் ஓடும் மிகச் சிறிய மின்னோட்டம் வயரைச் சுற்றி ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. இயந்திரத்துக்குள் இருக்கும் சுருள்கள் அந்தப் புலத்தின் திசையைக் கொண்டு தாம் வளையத்துக்கு உள்ளே இருக்கிறோமா வெளியே இருக்கிறோமா என்று அறிகின்றன. ஆகவே வயர் முழுதாக அறுந்தால்தான் பழுது வரும் என்பதில்லை. வழியில் ஓரிடத்தில் மின்தடை கூடினாலே ஓட்டம் குறைந்து, புலம் வலுவிழந்து, இயந்திரம் குழம்பிப்போகும்.

முதலில் நிலையத்தையே சந்தேகித்தேன். மின்சாரத்தை நிறுத்தி, எல்லை வயரின் இரு முனைகளையும் கழற்றிவிட்டு, அவற்றுக்குப் பதிலாக ஏறத்தாழ 5 மீட்டர் நீளமுள்ள புதிய வயர்த் துண்டை வளையமாக மாட்டி, மீண்டும் மின்சாரம் கொடுத்தேன். பச்சை விளக்கு நிலையாக எரிந்தது. நிலையம் நலமாக இருக்கிறது, குறை வயரில்தான் என்பது அதனால் உறுதியாயிற்று.

அடுத்து மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன். என் வளையம் 220 மீட்டர் நீளம், வயர் 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு. அந்தப் பருமனுள்ள செம்பு வயருக்கு 100 மீட்டருக்குச் சுமார் 2.3 ஓம் மின்தடை இருக்கும் என்பதால், முழு வளையமும் 5 ஓம் அளவில் காட்ட வேண்டும். பிற்பகலில் அளந்தபோது 9 ஓம் காட்டியது. மறுநாள் காலை, மழைக்குப் பிறகு அளந்தபோது 47 ஓம் காட்டியது. அதுவும் நிலையாக நிற்கவில்லை. மீட்டரின் சிவப்பு, கறுப்பு முனைகளை இடம் மாற்றி வைத்தேன். அளவு வேறாக வந்தது. வெறும் செம்பு வயர் எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே அளவைத்தான் காட்டும். ஈரத்தில் அரித்துப்போன இணைப்பு ஒன்று சின்ன பேட்டரி போல நடந்துகொள்ளும்போதுதான் இப்படி மாறும் என்பதை ஆலையில் பலமுறை பார்த்திருக்கிறேன். அறுந்த இடத்தை இனித் தேட வேண்டியதில்லை, கெட்ட ஜாயின்ட்டைத்தான் தேட வேண்டும் என்ற முடிவுக்கு அந்த நிமிடமே வந்துவிட்டேன்.

வயரில் தொடர்ச்சி இருக்கிறதா என்று மீட்டரை வைத்துப் பார்க்கும்போது, பலர் பீப் ஒலி கேட்டதும் வயர் நன்றாக இருக்கிறது என்று மீட்டரை அணைத்துவிடுகிறார்கள். மீட்டருக்கு மீட்டர் வேறுபட்டாலும், முப்பது நாற்பது ஓம் வரைக்கும் பீப் ஒலிக்கும் மீட்டர்கள் ஏராளம். எண்ணைப் பார்க்க வேண்டும், ஒலியை நம்பக் கூடாது.

இனி இடத்தைச் சுருக்குவது. என் இயந்திரத்துக்கு எல்லை வயரைத் தவிர வழிகாட்டி வயர் ஒன்றும் உண்டு. அது நிலையத்திலிருந்து புறப்பட்டு, வளையத்தின் எதிர்ப்பக்கத்தில் ஓரிடத்தில் போய்ச் சேர்கிறது. அந்தச் சந்திப்பு வளையத்தை இரண்டாகப் பிரித்துக் கொடுப்பதால் எதையும் வெட்டாமலே பாதி பாதியாக அளக்கலாம். மூன்று முனைகளையும் கழற்றி, இடது முனைக்கும் வழிகாட்டிக்கும் இடையே அளந்தேன்: 3.6 ஓம். 130 மீட்டர் எல்லை வயருக்கும் 24 மீட்டர் வழிகாட்டிக்கும் அது சரியான அளவு. வலது முனைக்கும் வழிகாட்டிக்கும் இடையே அளந்தபோது 44-க்கும் 45-க்கும் நடுவே ஆடியது. அங்கே 3 ஓம் கூட இருக்கக் கூடாது. பழுது வலப்பக்கத்து 90 மீட்டரில் இருக்கிறது. இடப்பக்கத்தில் ஒரு பிடி மண்ணைக்கூடக் கிளற வேண்டியதில்லை.

அந்த 90 மீட்டரில் ஜாயின்ட் எங்கே இருக்கக்கூடும் என்று யோசித்தபோதுதான், மார்ச் மாதம் பின்புறச் சாக்கடை ஓரத்தைச் சுத்தம் செய்ய வந்த புல்வெட்டுகாரர் வயரை வெட்டிவிட்டதும், அவரே சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனதும் நினைவுக்கு வந்தன. அன்று நான் வீட்டில் இல்லை. எந்த இடத்தில் வெட்டினார் என்பது யாருக்கும் தெரியவில்லை. முளையடித்துத் தரைமேல் விட்ட வயரை, இங்குள்ள அகன்ற இலைப் புல் சில வாரங்களிலேயே மூடிவிடும். ஆகவே பழைய வானொலிப் பெட்டி ஒன்றை மத்திய அலையில், வானொலி நிலையம் எதுவும் வராத இடத்தில் வைத்து, வயரைத் திரும்ப மாட்டி, பிற்பகலில் தரையை ஒட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வயருக்கு நேர்மேலே வரும்போது இரைச்சல் ஒரு துடிப்போடு எழுகிறது. அதைப் பின்பற்றி வயரின் பாதையைக் குறித்துக்கொண்டேன். ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும்: கெட்ட ஜாயின்ட்டில் ஓட்டம் நின்றுவிடுவதில்லை என்பதால், வானொலி பாதையைத்தான் காட்டும், பழுதைக் காட்டாது.

பலா மரத்துக்கும் சாக்கடைக்கும் நடுவே, ஓரிடத்தில் வயர் நேராகப் போகாமல் சற்று வளைந்திருந்தது. சிறிய கைக் கரண்டியால் மண்ணை விலக்கினேன். கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சு கிடைத்தது. டேப்பின் பசை கரைந்து, உள்ளே மண் புகுந்து, எறும்புகள் முட்டையிட்டிருந்தன. டேப்பைப் பிரித்ததும் பச்சைப் பொடி கையில் கொட்டியது. முறுக்கிவிட்ட செம்பு இழைகளில் மூன்றுதான் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. மற்றவை தொட்டவுடன் ஒடிந்தன. என் புல்வெளி முழுவதும் அந்த மூன்று இழைகளை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

திருத்தும்போது அவசரப்படவில்லை. ஈரம் உறைக்குள்ளேயே ஊர்ந்து செல்லும் என்பதால், உறையை உரித்தால் பளபளப்பான செம்பு தெரியும் வரைக்கும் இரு பக்கமும் வெட்டிக்கொண்டே போனேன். ஒரு பக்கத்தில் 15 சென்டிமீட்டர் வரைக்கும் செம்பு கறுத்திருந்தது. நடுவே புதிய வயர்த் துண்டு ஒன்றைச் சேர்த்து, இரண்டு முனைகளிலும் ஜெல் நிரப்பிய கனெக்டரை மாட்டி, இடுக்கியால் மட்டமாக அழுத்தி, கொஞ்சம் தளர்வு விட்டுப் புதைத்தேன். முழு வளையம் 5.2 ஓம் காட்டியது. மீட்டரின் முனைகளை மாற்றி வைத்தேன், அப்போதும் 5.2.

வயரை வெட்டியவர் மீது எனக்குக் கோபம் இல்லை. புல்லுக்குள் இருப்பது அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. வெட்டியதைக் காட்டிலும், மண்ணுக்குள் போகும் வயரை முறுக்கி டேப் சுற்றியதே பெரிய கேடு. வெட்டு ஒரே நாளில் தெரிந்துவிடும். இந்த ஜாயின்ட் மாதக்கணக்கில் மறைந்திருந்து அரிக்கும்.

கோயில் நிர்வாகக் குழு உறுப்பினர்

ஐயா, தாங்கள் எழுதியதைப் படித்தேன். எங்கள் மாரியம்மன் கோயில் திடலில் அன்பர் ஒருவர் உபயமாக அளித்த இயந்திரம் ஓடுகிறது. எங்களுக்கு வந்தது வேறு வகைப் பழுது, முழு அறுப்பு.

திருவிழாவுக்குக் கூடாரம் போட்டவர்கள் இரும்பு முளைகளை அடித்துவிட்டுப் போன மறுநாளிலிருந்து விளக்கு பச்சைக்கு வரவே இல்லை. தொலைபேசி வயர் வேலை செய்யும் தம்பி ஒருவர் தொனி எழுப்பும் கருவியைக் கொண்டுவந்தார். வயரின் முனைகளை நிலையத்திலிருந்து கழற்றி, ஒரு முனையில் கருவியின் ஒரு கம்பியையும், தரையில் அடித்த இரும்புக் கம்பியில் மற்றொன்றையும் மாட்டிவிட்டு, தேடும் கோலைத் தரையோடு பிடித்துக்கொண்டு நடந்தார். அரச மரத்தடி வரைக்கும் ஒலி வந்தது, அதற்கு அப்பால் தேய்ந்துவிட்டது. அங்கே தோண்டினோம், முளை துளைத்த இடத்தில் வயர் அறுந்திருந்தது. இணைத்தோம். விளக்கு எரியவில்லை.

எல்லாரும் சோர்ந்துபோனோம். இணைப்பு சரியில்லையோ என்று அதையே மூன்று தடவை அவிழ்த்து மாட்டினோம். பிறகுதான் அந்தத் தம்பி, இன்னொரு முனையிலிருந்து பார்ப்போம் அண்ணே என்றார். மறுமுனையில் தொனியை மாட்டி நடந்தபோது, இன்னும் ஒரு கூடார முளையின் அருகே ஒலி நின்றது. இரண்டு கூடாரம், இரண்டு அறுப்பு. ஒரே முனையிலிருந்து தேடினால் முதல் அறுப்போடு ஒலி நின்றுவிடும் என்பதால் இரண்டாவது இருப்பதே தெரிவதில்லை. நிலையத்தில் எல்லை முனையையும் வழிகாட்டி முனையையும் இடம் மாற்றி மாட்டி, எந்தப் பாதியில் அறுப்பு என்று பார்க்கும் முறையும் இரண்டு அறுப்பு இருக்கும்போது ஏமாற்றிவிடும்.

இப்போது வயர் போகும் பாதை முழுவதும் வெள்ளை பூசிய சிறு கற்களைப் பதித்திருக்கிறோம். கூடாரம் போட வருகிறவர்களிடம், அந்தக் கற்களிலிருந்து ஒரு முழம் தள்ளி முளையடியுங்கள் என்று சொல்லிவிடுகிறோம்.

தோட்டத்துப் பழைய துரை பங்களாவில் விருந்தினர் விடுதி நடத்துபவர்

வணக்கம் அண்ணா. 5 மீட்டர் வளையத்தை மாட்டிப் பார்க்கும் சோதனை எனக்கு முன்பே தெரிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அக்டோபர் மாதத்தில் மாலை நேர இடிமழை எப்படி இருக்கும் என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அப்படி ஒரு மாலையில் பங்களாவுக்குப் பக்கத்தில் மின்னல் விழுந்தது. நிலையத்தின் விளக்கு சிவப்பில் மின்னியது. வயர் அறுந்துவிட்டது என்றே நினைத்து, நானும் தோட்டக்காரரும் இரண்டு நாள் புல்வெளியைக் கிளறினோம். வயரில் ஒரு குறையும் இல்லை. நிலையத்துக்குள் இருந்த மின்பலகை கருகியிருந்தது. மண்ணில் நீண்டு கிடக்கும் அவ்வளவு பெரிய வளையம், பக்கத்தில் விழும் மின்னலின் வேகத்தையும் உள்ளே கொண்டுவந்துவிடுகிறது. அன்றிலிருந்து வானம் இருண்டாலே பிளக்கைப் பிடுங்கி, எல்லை வயரின் முனைகளையும் கழற்றி வைத்துவிடுகிறேன்.

வயரை அறுக்கும் மற்றோர் எதிரி எங்களுக்கு எலி. செம்பனைக் காட்டில் எலிக்குக் குறைவே இல்லை; அதற்காகத்தானே தோட்டங்களில் கூகைக்குப் பெட்டி கட்டி வளர்க்கிறார்கள். செம்பனையை ஒட்டிய பக்கத்தில் வயரின் உறையைக் கடித்துச் செம்பைத் தெரியவைத்துவிடுகின்றன. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: ஜெல் கனெக்டர் நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஈயம் வைத்துப் பற்றவைத்தால் அதைவிட உறுதியாக இருக்காதா?

தாமான் வாசி, ஓய்வுபெற்ற வயர்மேன்

நல்ல கேள்வி, தங்கச்சி. பற்றவைத்த ஜாயின்ட் மின்னோட்டத்துக்கு மிகவும் நல்லது. ஆனால் ஈரத்தைத் தடுக்காது. மேலும் ஈயம் ஊறிய பகுதி விறைத்துக் குச்சி போல ஆகிவிடும். மண் அசையும்போதும் மேலே ஆள் மிதிக்கும்போதும், ஈயம் முடியும் அந்த விளிம்பில்தான் இழைகள் ஒடியும். கட்டாயம் பற்றவைக்க வேண்டுமென்றால், உள்ளே பசை பூசிய, சூடாக்கினால் சுருங்கும் குழாயை முன்கூட்டியே வயரில் கோத்துக்கொள்ளுங்கள். பற்றவைத்த பிறகு, ஈயம் ஊறிய பகுதியைத் தாண்டி இரு பக்கமும் 2 சென்டிமீட்டராவது மூடும்படி அதை இழுத்துச் சூடாக்குங்கள். இரண்டு ஓரங்களிலும் பசை வெளியே கசிந்து வந்து வளையம் கட்ட வேண்டும். கசியவில்லை என்றால் வெட்டிவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். சாதாரணச் சுருங்கு குழாயில் பசை இருக்காது. அது மண்ணுக்கு ஆகாது.

எலி கடித்த இடத்தை டேப்பால் மூடி விட்டுவிடாதீர்கள். செம்பு தெரிந்துவிட்டால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டு சேர்ப்பதுதான் சரி. செம்பனைப் பக்கத்தில் மட்டும் வயரை 10 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து, எலி அதிகம் வரும் இடங்களில் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டுப் பாருங்கள். 20 சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் போனால் இயந்திரத்துக்குச் சமிக்ஞை சரியாக எட்டாது. சுற்றிலும் புதைத்து முடித்ததும், காய்ந்த நாளில் ஒருமுறையும் மழைக்கு மறுநாள் காலையில் ஒருமுறையும் ஓம் அளந்து, ஜாயின்ட் இருக்கும் இடங்களோடு ஒரு தாளில் குறித்து, நிலையத்தின் மூடிக்குள் ஒட்டிவையுங்கள். நேற்றிரவு இங்கே நல்ல மழை. காலையில் என் வளையம் 5.2 ஓம்தான் காட்டியது.